‘இரண்டு மாதங்களுக்குள்’ என்று மாநிலச் சட்டம் சொன்னால் எந்த நாள் வரை?

கேள்வி, 9 ஜனவரி 2026

மாநிலச் சட்டம் ஒன்றின் கீழ் எங்கள் குடும்ப நிலம் தொடர்பாக அதிகாரி பிறப்பித்த உத்தரவு டிசம்பர் 31 அன்று கைக்குக் கிடைத்தது. ‘உத்தரவு கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள்’ மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. மாதத்துக்கு 30 நாள், ஆக 60 நாள், மார்ச் 1 வரை நேரம் உண்டு என்று அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் அடித்துச் சொல்கிறார். சட்டத்தின் சொற்பொருள் பிரிவை முழுவதும் படித்துவிட்டேன், ‘மாதம்’ என்ற சொல்லுக்கு அங்கே விளக்கமே இல்லை. ஆசிரியர் சொல்வது சரிதானா?

9 ஜனவரி, இரவு

சரியில்லை. சட்டம் ‘மாதம்’ என்று சொன்னால் அது மாதம்தான். அதை 30 நாளாக உடைத்து எண்ணும் உரிமை ஆசிரியருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

ஒவ்வொரு சட்டத்திலும் மாதம், ஆண்டு, நபர், அசையாச் சொத்து என்று அடிப்படைச் சொற்களுக்கெல்லாம் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தால் எந்தச் சட்டமும் எழுதி முடியாது என்பதனால், அந்தச் சொற்களை ஒரே இடத்தில் தொகுத்து, எண்ணும் முறைகளையும் பொருள்கொள்ளும் விதிகளையும் உடன் சேர்த்து, தனியாக ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். நீதிமன்ற வளாகத்தில் ‘ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்’ என்றே சொல்லுவோம். இங்கே பொதுக் கூறுகள் சட்டம் என்று எழுதுகிறேன். 1897-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 3(35)-ஆவது பிரிவைப் பாருங்கள். மாதம் என்பது ஆங்கில நாட்காட்டியின்படி கணக்கிடப்படும் மாதம். உங்களுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 28, மார்ச் 1 அல்ல.

நான் வழக்கறிஞர் அல்லேன். மாவட்டத் தலைநகர் ஒன்றில் 34 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். வாதங்களை மறந்துவிட்டேன், நாள் எண்ணுவது மட்டும் மறக்கவில்லை.

10 ஜனவரி

நேற்று நான் எழுதியதில் விடை சரி, வழி தவறு. படித்த ஒருவர் உடனே பிடித்துவிட்டார். அவருக்கு நன்றி.

1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்பொருள்கள் அந்தச் சட்டத்துக்கும் அதன் பின் வந்த மத்தியச் சட்டங்களுக்கும் உரியவை. அரசமைப்புச் சட்டத்தைப் பொருள்கொள்வதற்கும் 367-ஆவது உறுப்பு அதையே கொண்டுவந்து வைக்கிறது. நம் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்துக்கு எடுத்துப் பார்க்க வேண்டியது 1891-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கூறுகள் சட்டம். 1891-ஆம் ஆண்டின் முதலாவது சென்னைச் சட்டமாக வந்தது அது. மத்தியச் சட்டத்தைவிட ஆறு வயது மூத்தது. 1969-இல் மாநிலத்தின் பெயர் மாறியபோது இதன் பெயரிலும் ‘சென்னை’ போய்த் ‘தமிழ்நாடு’ வந்தது. ஆந்திரம் 1953-இல் பிரிந்து போகையில் இந்தச் சட்டத்தையும் பாகத்தில் எடுத்துக்கொண்டு போயிற்று, அங்கேயும் இதன் ஆண்டு 1891 தான்.

‘மாதம்’ விஷயத்தில் இரண்டு சட்டங்களும் ஒன்றையே சொல்வதனால் என் தவறு உங்களுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் மனுவில் மத்தியச் சட்டத்தின் பிரிவை எழுதி வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் புன்னகை செய்வார். அந்தப் புன்னகையை நான் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

பின்சேர்ப்பு: மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள ஒரு மத்தியச் சட்டத்துக்குத் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்திருந்தால் எந்தப் பொதுக் கூறுகள் சட்டம் பொருந்தும் என்று அதே நண்பர் கேட்கிறார். திருத்தம் போய் உட்கார்ந்திருப்பது மத்தியச் சட்டத்துக்குள்ளே, எனவே 1897 என்பது என் எண்ணம். எண்ணம்தான், தீர்ப்பு அல்ல.

13 ஜனவரி

பிப்ரவரி 28 எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் படி: ‘கிடைத்த நாளிலிருந்து’ என்றால் கிடைத்த நாளை எண்ணக்கூடாது. டிசம்பர் 31-ஐத் தள்ளிவிடுங்கள். இரண்டாவது படி: மாதக் கணக்கில் நாட்களை எண்ணவே கூடாது. பின்வரும் மாதத்தில் அதே தேதிக்குப் போய் நிற்க வேண்டும். 12-ஆம் தேதி கிடைத்த உத்தரவுக்கு இரண்டு மாதம் என்பது, இடையில் வரும் மாதங்களுக்கு 28 நாளோ 31 நாளோ, 12-ஆம் தேதியோடு முடியும். மூன்றாவது படி: அந்த மாதத்தில் அப்படி ஒரு தேதியே இல்லையென்றால் மாதத்தின் கடைசி நாளில் நின்றுவிட வேண்டும். பிப்ரவரியில் 31 இல்லை, ஆகவே 28.

இங்கிலாந்தில் 1981-இல் முடிவான டாட்ஸ் எதிர் வாக்கர் வழக்கு இதற்குப் பழகிய முன்னுதாரணம். குத்தகைதாரருக்கு அறிவிப்பு கொடுத்த நாள் செப்டம்பர் 30, அவருக்கு இருந்த காலம் நான்கு மாதம். செப்டம்பரின் கடைசி நாளில் தொடங்கியதனால் ஜனவரியின் கடைசி நாள் வரை நேரம் உண்டு என்பது அவர் வாதம். ஜனவரி 30-ஓடு முடிந்தது என்று தீர்ப்பாயிற்று. ஒரே ஒரு நாள்.

நம் உச்ச நீதிமன்றமும் 2010-இல் இமாச்சல் டெக்னோ இன்ஜினியர்ஸ் வழக்கில் இதே வழியில்தான் போயிற்று. நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) தீர்ப்பை எதிர்க்கச் சட்டம் ‘மூன்று மாதம்’ என்று ஒரு காலமும், அதற்கு மேல் ‘30 நாள்’ என்று சலுகைக் காலமும் கொடுத்திருக்கிறது. ஒரே பிரிவில் ஓரிடத்தில் மாதமும் இன்னோரிடத்தில் நாளும் எழுதிய சட்டமன்றம் இரண்டையும் ஒன்றாக நினைத்திருக்க முடியாது என்று நீதிமன்றம் காட்டியது. ஆசிரியருக்கு நான் சொல்லக்கூடிய மிக நல்ல பதில் இதுதான்: அறுபது நாள் என்று நினைத்திருந்தால் அறுபது நாள் என்றே எழுதியிருப்பார்கள்.

ஆசிரியரைக் கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ‘ஒரு மாதத்துக்குள்’ என்றிருந்த ஒரு காரியத்துக்கு 30 நாள் எண்ணி, ஜனவரி 30 தொடங்கி மார்ச் 1 என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். அது நெட்டாண்டு அல்ல. பிப்ரவரி 28 மாலையில் எங்கள் சீனியர் தற்செயலாக நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்ததனால் பிழைத்தோம். அவர் திட்டவில்லை. மறுநாள் ஒரு பழைய புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போனார். பொதுக் கூறுகள் சட்டம் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

18 ஜனவரி

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போய் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அவர் 1980 வரை கிராம கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அந்த ஆண்டோடு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்துவிட்டார்கள். பெட்டியில் இருந்த நிலவரி ரசீதுகளில் எல்லாம் பசலி ஆண்டுதான். ‘ஆங்கில நாட்காட்டி’ என்று சட்டத்தில் ஏன் மெனக்கெட்டு எழுதினார்கள் என்பது ரசீதுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

1891-இல் இந்த மாகாணத்தில் சாதாரண மனிதன் ‘மாதம்’ என்று சொன்னால் அது ஆடியோ ஆவணியோதான். தமிழ் மாதங்களுக்கு 29 நாள் முதல் 32 நாள் வரை உண்டு. தெலுங்கு பேசுகிறவருக்கு அமாவாசையோடு முடிகிற மாதம். முஸ்லிம்களுக்குப் பிறை மாதம். மலபாரில் கொல்லம் ஆண்டு. அரசின் வருவாய்க் கணக்குக்கோ ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும் பசலி. இத்தனை மாதங்களும் இத்தனை ஆண்டுகளும் ஒரே மாகாணத்துக்குள் நடமாடிக்கொண்டிருந்தபோது, எது சட்டத்தின் மாதம் என்று சொல்லாமல் விட்டிருந்தால் ஒவ்வொரு கெடுவும் ஒரு வழக்காகியிருக்கும். இன்று நமக்குத் தேவையற்றதாகத் தோன்றும் ஒரு வரி அன்று பெரிய சண்டையைத் தீர்த்திருக்கிறது.

பசலி இன்றும் சாகவில்லை. ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் அந்த ஜூலையில் தொடங்கும் பசலி வரும். 2025 ஜூலையில் தொடங்கிய இந்தப் பசலி 1435. ஜமாபந்தியில் கணக்கு முடிப்பதும் அந்த ஆண்டுக்குத்தான். மாநிலச் சட்டம் ஒன்று ‘பசலி ஆண்டு’ என்று வெளிப்படையாகச் சொன்னால் பொதுக் கூறுகள் சட்டம் ஒதுங்கி நின்றுவிடும். சும்மா ‘ஆண்டு’ என்று சொன்னால் மட்டும் ஆங்கில ஆண்டு.

கேரளத்தவர்களின் பொதுக் கூறுகள் சட்டத்தின் ஆண்டு என்ன தெரியுமா? 1125. திருவிதாங்கூர்–கொச்சிக் காலத்தில் கொல்லம் ஆண்டில் இயற்றியது, அதே எண்ணோடு இன்றும் இருக்கிறது. தெரியாதவர்கள் ராஜராஜனின் பேரன் காலத்துச் சட்டமோ என்று நினைத்துக்கொள்வார்கள்.

19 ஜனவரி

குலோத்துங்கனின் மகன் காலம் என்று மூன்று பேர் திருத்தியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 1125-இல் விக்கிரம சோழன் ஆண்டுகொண்டிருந்தான். கொல்லம் 1125 என்பது நம் கணக்கில் 1949–50.

24 ஜனவரி

‘அவன் என்று சட்டத்தில் இருந்தால் அவளும் அடங்குமா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அடங்கும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நேற்றுத் தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை. அந்த வரி முழு உண்மை இல்லை.

மத்தியச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, ஆண்பாற் சொற்கள் பெண்பாலையும் உள்ளடக்கும், ஒருமை பன்மையையும் பன்மை ஒருமையையும் உள்ளடக்கும் என்கிறது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்று ஒரே பெயர் இரண்டு பாலுக்கும் பொதுவாக நிற்பதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் சொல்லிவைத்திருக்கிறது. சட்டம் உயர்திணைக்கும் அதைச் செய்துவிட்டது என்று வகுப்பு நண்பர் ஒருவர் சொல்லுவார்.

ஆனால் 1916-இல் கல்கத்தாவில் நடந்ததைப் பாருங்கள். ரெஜினா குஹா சட்டப் பட்டம் பெற்றவர். அலிப்பூர் நீதிமன்றத்தில் பிளீடராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். 1879-ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டம் ‘அவன்’ என்று ஆண்பாலில்தான் பேசியது. பொதுக் கூறுகள் சட்டத்தின்படி ஆண்பால் பெண்பாலையும் உள்ளடக்கும் அல்லவா என்பது அவர் தரப்பு. உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து கேட்டு, இந்தச் சட்டத்தின் பொருளும் சூழலும் பெண்களை நினைத்து எழுதப்பட்டவை அல்ல என்று விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கும் அதே கதிதான். 1923-இல் பெண்களுக்கென்று தனியாக ஒரு சட்டம் வந்த பிறகே நாடெங்கும் கதவு திறந்தது.

கதவை மூடியது எது? பொதுக் கூறுகள் சட்டத்தின் சொற்பொருள் பிரிவுகளின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு வாசகம்: ‘பொருளிலோ சூழலிலோ இதற்கு முரணானது ஏதும் இருந்தாலன்றி.’ முதல் நாள் உங்களுக்குப் பதில் எழுதியபோது பொதுக் கூறுகள் சட்டம் இருக்கிறது, பிரச்சினை தீர்ந்தது என்ற தொனியில் எழுதினேன். அந்தத் தொனியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது கட்டளையிடும் சட்டம் அல்ல, தனிச் சட்டம் பேசாமல் விட்ட இடத்தில் மட்டும் பேசுவது. பேச இடம் இருக்கிறதா என்பதைத் தனிச் சட்டமும் அதன் சூழலுமே முடிவு செய்யும். சூழல் என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் நீதிபதியின் காலமும் பழக்கமும் புகுந்துவிடுகின்றன என்பதற்கு 1916 சாட்சி.

உங்கள் விஷயத்தில் பயம் வேண்டாம். ‘மாதம்’ என்ற சொல்லை வேறாகப் படிக்கத் தூண்டும் சூழல் எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. நீங்கள் அனுப்பிய பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

2 பிப்ரவரி

சட்டத்தில் ‘இத்தனை தூரம்’ என்று வந்தால் அதை எப்படி அளப்பது என்பது பற்றி.

மத்தியச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, வேறு நோக்கம் தெரிந்தாலன்றி, தூரத்தைக் கிடைத்தளத்தில் நேர்கோடாக அளக்க வேண்டும் என்கிறது. மேடு பள்ளம், வளைவு நெளிவு எதுவும் கணக்கில் வராது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி அலுத்தவரிடம் போய், சட்டத்தின் கண்ணுக்கு அடிவாரமும் உச்சியும் பக்கத்துப் பக்கத்தில் என்று சொல்லிப் பாருங்கள்.

இதை நான் அதிகம் நினைத்துப் பார்த்தது மதுக்கடை வழக்கின்போதுதான். தமிழ்நாடு மாநிலம் எதிர் கே. பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளி விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேரோ அதற்குக் குறைவாகவோ வாழும் ஊர்களுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது. அதன் பிறகு ஊர் ஊராக நாடா பிடித்து அளந்தார்கள். கேரளத்தில் வடக்குப் பறவூரில் ஒரு மதுக்கூடம், வாசலுக்கு முன்னால் தடுப்புகளை அடுக்கி, பாம்பு போல் வளைந்து வளைந்து நடக்கும் பாதை ஒன்றைக் கட்டி, நடக்கும் தூரத்தை நீட்டிக் காட்டிய செய்தியும் படமும் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. நேர்கோடா, நடக்கும் பாதையா என்ற கேள்வி எவ்வளவு பணம் பெறும் என்பதை அந்தத் தடுப்புகள் சொல்லின. எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் சட்ட விதியைச் செங்கல்லால் வாதாடிய ஒரே மனிதர் அவர்தான் என்ற மரியாதையும் உண்டு.

9 பிப்ரவரி

ஏரி மீன் குத்தகை பற்றிக் கேட்டவருக்கு: நீர் அசையும், மீனும் அசையும், ஆனால் மீன் பிடிக்கும் உரிமை அசையாச் சொத்து.

மத்தியச் சட்டத்தின் 3(26)-ஆவது பிரிவு அசையாச் சொத்து என்பதில் நிலத்தையும், நிலத்திலிருந்து எழும் பயன்களையும், மண்ணோடு பிணைந்தவற்றையும், அப்படிப் பிணைந்தவற்றோடு நிலையாகப் பொருத்தியவற்றையும் சேர்க்கிறது. சொத்து மாற்றுச் சட்டமோ அசையாச் சொத்து எது என்று சொல்லாமல், எது அல்ல என்று மட்டும் சொல்கிறது: வெட்டுமரமாக நிற்கும் மரம், வளரும் பயிர், புல். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் முழு விடை கிடைக்கும். ஒரிசாவில் சிலிகா ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைப் பாரிகுட் ராஜாவிடமிருந்து வாய்மொழியாகப் பெற்றிருந்தவர்கள், ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு அந்த உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஆனந்த பெஹெரா வழக்கு என்று பெயர். நீதிமன்றம், வேறொருவர் நிலத்தில் இறங்கி அதன் விளைவில் பங்கு எடுத்துப் போகும் உரிமை நிலத்திலிருந்து எழும் பயன், ஆகவே அசையாச் சொத்து, ஆகவே எழுத்தும் பதிவும் இல்லாமல் அது கைமாறாது என்று சொல்லிவிட்டது.

எங்கள் அலுவலகத்துக்கும் இப்படி ஒருவர் வந்தார். கண்மாய் மீனுக்கு மூன்று ஆண்டுக் குத்தகை, வெற்றுத் தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் கையெழுத்து. ‘மீனுக்குப் பத்திரம் எழுதுவார்களா ஐயா’ என்று கேட்டார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது. சட்டம் வேறு மாதிரி நினைக்கிறது.

15 பிப்ரவரி

மேலே ‘சேர்க்கிறது’ என்று எழுதியதை ஒருவர் ‘ஆகும் என்றுதானே போட வேண்டும்’ என்கிறார். இல்லை. சொற்பொருள் பிரிவுகளைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வினைமுற்றைத்தான். ‘இன்னது என்று பொருள்படும்’ என்றால் வேலி போட்டாயிற்று, வெளியிலிருந்து எதையும் கொண்டுவர முடியாது. ‘இன்னதையும் உள்ளடக்கும்’ என்றால் சொல்லின் இயல்பான பொருள் அப்படியே இருக்க, மேலும் சில அதனோடு கூடுகின்றன. ‘நபர்’ என்ற சொல்லில் நிறுவனமும் சங்கமும் பதிவு செய்யாத கூட்டமும்கூட வருவது இந்த ‘உள்ளடக்கும்’ வழியாகத்தான், அதனால் மனிதர்கள் நபர்களாக இல்லாமல் போய்விடவில்லை. இரண்டு இடத்திலும் ‘ஆகும்’ என்று ஒரே சொல்லைப் போட்டிருந்த ஒரு தமிழாக்கத்தைப் பார்த்து ஒரு முறை நாங்கள் அரைநாள் குழம்பினோம். சட்டத் தமிழில் ‘உம்’ என்ற ஓர் இடைச்சொல்லை விட்டால் ஒரு வழக்கு போய்விடும்.

மாநிலச் சட்டத்தைத் தமிழில் படித்துப் பழகுங்கள், ஆனால் நாள், தொகை, விலக்கு வரும் இடங்களில் ஆங்கில வாசகத்தை ஒருமுறை ஒத்துப்பாருங்கள். அரசமைப்பின் 348-ஆவது உறுப்பின்படி இன்னும் அதிகாரம் பெற்ற வாசகம் ஆங்கிலம்தான். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

17 பிப்ரவரி

இன்று நீங்கள் எழுதிய செய்தியைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். உத்தரவு அஞ்சலில் வந்தது, டிசம்பர் 29 அன்றே மாமியார் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார், நீங்கள் வேலை முடிந்து ஊரிலிருந்து திரும்பி உறையைப் பிரித்ததுதான் 31 என்று இப்போது சொல்கிறீர்கள்! ஐந்து வாரமாக 31-ஐ வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், தங்கையே.

‘கிடைத்த நாள்’ என்பது உறையைப் பிரித்த நாள் அல்ல. மத்தியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவில் ஒரு ஊகம் இருக்கிறது. முகவரியைச் சரியாக எழுதி, அஞ்சல் கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் அனுப்பினால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, வழக்கமாக அஞ்சல் போய்ச் சேரும் நேரத்தில் அது சேர்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். காசோலை வழக்குகளில் இது பெரும் வேலை செய்கிறது. 2007-இல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரித்துப் பேசியிருக்கிறது. (2025-இல் பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். அஞ்சல் துறை பெயரை மாற்றினால் சட்டத்தின் சொல்லும் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது.) மாமியாரின் கையெழுத்தும் தேதியும் அஞ்சல் பதிவில் இருக்கும்போது, எனக்குத் தெரிந்தது 31 அன்றுதான் என்ற வாதத்தை நம்பிக் காரியத்தில் இறங்க மாட்டேன். 29 என்றே வைத்துக்கொள்வோம்.

17 பிப்ரவரி, சிறிது நேரம் கழித்து

எண்ணிப் பார்த்தேன். 29 டிசம்பருக்கு ஒத்த தேதி 29 பிப்ரவரி. 2026 நெட்டாண்டு அல்ல, பிப்ரவரியில் 29 இல்லை. ஆகவே மாதத்தின் கடைசி நாள், 28. டிசம்பர் 28, 29, 30, 31 ஆகிய நான்கு நாட்களில் எந்த நாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் விடை ஒன்றே.

ஆசிரியரின் முறையில் எண்ணியிருந்தால் 29-இலிருந்து 60 நாள் பிப்ரவரி 27-இல் முடிந்திருக்கும். அவர் கணக்கு முதலில் ஒரு நாள் கூட்டித் தந்தது, இப்போது ஒரு நாள் குறைத்துவிட்டது. மாதத்தை நாளாக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் உட்கார்ந்து யோசித்தாலும் உண்டாக்கியிருக்க முடியாது.

20 பிப்ரவரி

பழைய சட்டம் நீக்கப்பட்டால் நடந்துகொண்டிருக்கும் வழக்கு என்னவாகும் என்பவருக்குச் சுருக்கமாக: செத்துவிடாது. நீக்கம் என்பது ஏற்கெனவே விளைந்த உரிமையையும், கடமையையும், அதற்காக நடந்துவரும் வழக்கையும் தொடாது என்பது பொதுக் கூறுகள் சட்டங்கள் அனைத்தின் இதயம். மத்தியச் சட்டத்தில் 6-ஆவது பிரிவு, நம் மாநிலச் சட்டத்தில் 8-ஆவது பிரிவு. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிக்கொண்டு 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தபோது, வீட்டு உரிமையாளர்களும் குடியிருப்போரும் ஒரே நாளில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். இரு தரப்பும் தங்கள் வழக்கு போய்விட்டது என்றே நினைத்திருந்தார்கள். புதிய சட்டமே நிலுவை வழக்குகளைக் காப்பாற்றி எழுதியிருந்ததனால் 8-ஆவது பிரிவு வரை போக வேண்டிய தேவையே வரவில்லை. தனிச் சட்டம் பேசினால் பொதுச் சட்டம் வாயைத் திறக்காது என்று 24-ஆம் தேதி எழுதியதற்கு இதுவும் ஒரு சாட்சி.

22 பிப்ரவரி

நாட்காட்டியை இன்றுதான் உற்றுப் பார்த்தேன். பிப்ரவரி 28 சனிக்கிழமை. அலுவலகம் இல்லை. ஆசிரியரின் மார்ச் 1 ஞாயிறு.

கெடு முடியும் நாளில் நீதிமன்றமோ அலுவலகமோ மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ளப்படும் என்பது மத்தியச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு. சட்டம் ஒருவரை முடியாத காரியத்துக்குக் கட்டாயப்படுத்தாது என்ற பழைய கொள்கையே அதன் வேர். அந்தக் கணக்கில் 28-உம் மார்ச் 2 திங்களுக்குப் போகிறது, 1-உம் மார்ச் 2 திங்களுக்குப் போகிறது. ஆறு வாரம் நானும் ஆசிரியரும் சண்டையிட்டு ஒரே வாசலில் வந்து நிற்கிறோம். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆனால் திங்கள் வரை காத்திருக்காதீர்கள். 10-ஆவது பிரிவு வழக்கில் வாதாடுவதற்கு, திட்டமிடுவதற்கு அல்ல. 34 ஆண்டில் கடைசி நாளை நம்பிப் போனவர்களுக்காகத் தாமத மன்னிப்பு மனு எழுதி எழுதி என் கையெழுத்தே மாறிவிட்டது. வியாழக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். மனு, உத்தரவின் நகல், கட்டண வில்லை, உங்களுக்கான மறுபிரதி. மறுபிரதியில் தேதி முத்திரையும் சுருக்கொப்பமும் வாங்காமல் சன்னலை விட்டு நகராதீர்கள். மாமியார் எந்தத் தேதியில் வாங்கினார் என்பதை மனுவிலேயே 29 என்று நேர்மையாக எழுதுங்கள்.

26 பிப்ரவரி

புதன்கிழமையே கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. சன்னலில் இருந்தவர் விரலை விட்டு எண்ணி, ‘அறுபது நாளுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே’ என்றாராம். அவரிடம் எதையும் திருத்த வேண்டாம். முத்திரையில் 25 தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.